ஆர்ஏ கார்டு இருந்தும் போலி ரவுட்டர் அறிவிப்பு நுழைகிறதா?

வணக்கம். டர்பன் அலுவலக சுவிட்சில் ஆர்ஏ கார்டு (RA Guard: கணினிகளுக்கு ஐபிவி6 முகவரியும் வழியும் சொல்லும் ரவுட்டர் அறிவிப்பு போலியாக வந்தால் தடுக்கும் வசதி) போட்டும், சோதனை லேப்டாப்பிலிருந்து அனுப்பும் போலி அறிவிப்பு மற்ற கணினிகளுக்குப் போகிறது என்கிறீர்கள். கார்டு பழுதில்லை, ஏமாறுகிறது. நேராக வரும் ஐசிஎம்பிவி6 வகை 134ஐ, அதாவது ரவுட்டர் அறிவிப்பை, அது தடுத்துவிடும். முன்னால் நீளமான டெஸ்டினேஷன் ஆப்ஷன்ஸ் ஹெட்டரை (ஐபிவி6இன் ஒரு கூடுதல் தலைப்பு) வைத்துப் பாக்கெட்டை இரண்டாக வெட்டினால், 134 இரண்டாம் துண்டில் ஒளிந்துகொள்ளும்; பல சுவிட்சுகள் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சிஸ்கோ என்றால், பயனர் போர்ட்டின் உள்வரும் ஐபிவி6 ஏசிஎல்லில் (அனுமதி, தடைப் பட்டியல்) 'undetermined-transport' டினை வரி, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டறிய முடியாத பாக்கெட்டைத் தடுக்கும் வரி, சேருங்கள் (சில மாடல்களில் கிடையாது). கடைசியில் பெர்மிட் (அனுமதி) வரியை மறந்தால் ஐபிவி6 போக்குவரத்து கிட்டத்தட்ட முழுதும் நின்றுவிடும். அதுதான் வழக்கமான சொதப்பல்.

வெட்டிய அறிவிப்பைக் கணினிகளே ஒதுக்க வேண்டும் என்கிறது 2013இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6980. வெட்டிய அறிவிப்பை ஏற்பவை இந்த விதியைப் பின்பற்றாத கணினிகள், அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை அறிவிப்பில் அனுப்பும் ப்ரிஃபிக்ஸின் (கணினி தன் முகவரியை உருவாக்க எடுத்துக்கொள்ளும் முன்பகுதி) ஆயுளை முதலிலேயே 120 விநாடி வையுங்கள். நீளமாக விட்டால், பிறகு சுழியம் அனுப்பினாலும் அந்த முகவரி 2 மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.