திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகுகளைக் கொண்டுவரலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீலகிரிப் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறு கழுகுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம். சின்ன வயதில் தாத்தாவோடு திருக்கழுக்குன்றம் மலையேறியிருக்கிறேன். உச்சிவேளையில் பண்டாரம் பொங்கலோடு பாறைமேல் காத்திருப்பார். இரண்டு கழுகுகள் இறங்கிவந்து தின்றுவிட்டுப் போகும். இன்று என் பிள்ளைகளுக்குக் காட்ட வெறும் பாறைதான் இருக்கிறது.

ஹரியானாவில் கழுகுகளைக் கூண்டில் வளர்த்து வெளியே விடுகிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். அங்கிருந்து நாலைந்து ஜோடிகளை இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன? கோயில் இருக்கிறது, சோறுபோட ஆள் இருக்கிறது. அரசாங்கம் ஏன் இதைச் செய்யக்கூடாது? என் பங்குக்கு நான் என்ன செய்யலாம்?

எஸ்., செங்கல்பட்டு

அன்புள்ள எஸ்.,

அந்தப் பாறை காலியாகக் கிடப்பது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் சின்ன விஷயம். திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். ஹரியானாவில் பிஞ்சோரில் வளர்ப்பவை வேறு இனங்கள்: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, மெல்லிய அலகுள்ள இன்னொன்று. இவை பொங்கலுக்கு வராது. செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டமாக இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் விட்டுவைக்கிற பறவைகள்.

அந்தக் கூட்டமாகத் தின்கிற பழக்கம்தான் அவற்றுக்கு எமனாயிற்று. தொண்ணூறுகளில் ராஜஸ்தானின் பரத்பூரில் கழுகுகள் கழுத்துத் தொங்கி, மரக்கிளையிலேயே உட்கார்ந்தபடி செத்தன. காரணம் பிடிபட 2004 ஆயிற்று. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம் எல்லாவற்றின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே உறைந்த வெள்ளை அது. செய்தது டைக்ளோஃபினாக், மாட்டுக்கு வலி குறையப் போடும் ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைக் கழுகு தின்றால் முடிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 அழிந்தன.

இதில் என்னை இன்றும் உலுக்குகிற கணக்கு ஒன்று உண்டு. இந்த அளவு அழிவுக்கு எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை. 130 முதல் 760 சடலங்களுக்கு ஒன்றில் மருந்து இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் ஐம்பது கழுகுகள் இறங்கும். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். ஐந்து வயது ஆனால்தான் கூடு கட்டும். இப்படிப்பட்ட பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

இனி பிஞ்சோருக்கு வருகிறேன். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் ஹரியானா வனத்துறையும் சேர்ந்து நடத்தும் அந்த மையத்தின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. முதல் முட்டையை எடுத்து அடைகாப்புக் கருவியில் வைத்து, அதே ஜோடியை இன்னொரு முட்டை இடவைத்து, இருபது வருஷமாகப் பொறுமையாகப் பெருக்கியிருக்கிறார்கள். அங்கே கழுகுகளுக்கு ஆட்டிறைச்சி போடுகிறார்கள். வாங்கிய ஆட்டை உடனே அறுப்பதில்லை. சில நாள் கட்டிவைத்து, உடம்பில் மருந்து ஏதும் இருந்தால் வடியவிட்டு, அதன் பிறகே அறுக்கிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஆட்டுப்பட்டியிலேயே இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கும்வரை கறிக்கு உத்தரவாதம் தரலாம். கதவைத் திறந்துவிட்ட பிறகு யார் தருவது?

உணவிட ஆள் இருக்கிறதே என்கிறீர்கள். கழுகு போட்ட இடத்திலேயே தின்றுகொண்டிருக்கிற பிராணி அல்ல. மகாராஷ்டிரத்தின் தடோபாவில் 2024இல் விடப்பட்ட ஒரு வெண்முதுகுப் பாறு, முதுகில் கட்டிய இடங்காட்டும் கருவியோடு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றி, புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் வந்து சேர்ந்தது. வழியில் எத்தனை மாவட்டம், எத்தனை மருந்துக்கடை, எத்தனை மாடு! அத்தனையும் சுத்தமாக இருந்தால்தான் அந்தப் பறவைக்குப் பிழைப்பு. போதாக்குறைக்கு மின்கம்பி. இவ்வளவு அகலமான இறக்கை ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா காண்டர் என்ற பெருங்கழுகுக்கு நடந்ததைப் பாருங்கள். 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். உலகத்தில் மொத்தமே 27. வளர்த்து 1992 முதல் வெளியே விட்டார்கள். இன்று 500க்கு மேல் இருக்கின்றன, பாதிக்குமேல் காட்டில். வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் வேட்டைக்காரர் சுட்ட மானின் குடலில் ஈயக்குண்டுத் துணுக்குகள் கிடக்கின்றன. காண்டர் அதைத் தின்று நஞ்சேறிச் சாகிறது. அதனால் முப்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பறவைகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து, ரத்தம் எடுத்து, ஈயம் ஏறியிருந்தால் சிகிச்சை கொடுத்து விடவேண்டியிருக்கிறது. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக்குண்டை முழுக்கத் தடைசெய்தது. பக்கத்து அரிசோனாவில் அது இன்னும் வேட்டைக்காரர்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. நஞ்சை அகற்றாமல் பறவையை விட்டால் இப்படித்தான், காலத்துக்கும் மருத்துவமனை நடத்த வேண்டும். அவ்வளவு பணமும் ஆளும் நம்மிடம் இல்லை.

நம் ஊரில் தடை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாட்டுக்கான டைக்ளோஃபினாக் 2006இலேயே தடைசெய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. 2015இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குள் வேறு வலிமருந்துகள் நுழைந்துவிட்டன. அசிக்குளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோபுரோஃபனையும் தடைசெய்ய 2023 ஆயிற்று, நிமெசுலைடுக்கு 2024 இறுதி. ஒவ்வொரு மருந்தையும் கழுகு செத்து நிரூபித்த பிறகுதான் நிறுத்துகிறோம். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. கழுகுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபிக்காமல் எந்த மாட்டு வலிமருந்தையும் சந்தைக்கு விடக்கூடாது என்று சட்டம் வர வேண்டும்.

மாடு வளர்ப்பவர்மேல் அந்தக் கோபம் இல்லை. மசினகுடிப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "படுத்த மாடு ஒரே ஊசியில எந்திரிச்சு மேயுதுங்க. அப்புறம் நான் ஏன் வேற ஊசி கேக்கப் போறேன்?" அவருக்குத் தர நம்மிடம் பதில் இருக்கிறது: மெலாக்சிகாம். மாட்டுக்கும் கேட்கும், கழுகுக்கும் கெடுதல் இல்லை. அது எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைத்தால் போதும். இன்னொரு நஞ்சும் உண்டு. புலி அடித்த மாட்டின்மேல் ஆத்திரத்தில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுவார்கள். புலிக்கு வைத்தது கழுகையும் கொல்லும். மாட்டுக்கான இழப்பீடு வாரக்கணக்கில் இழுக்காமல் கைக்கு வந்தால் அந்த ஆத்திரம் பாதி தணியும்.

தமிழ்நாட்டில் காட்டுக்கழுகு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். ஓடையோர நீர்மருதில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது, செங்குத்துப் பாறையில் கருங்கழுத்துப் பாறு. செந்தலைப் பாறும் அங்கே உண்டு. சீகூர் பக்கம் ஒருநாள் காலை கடமான் சடலம் ஒன்றைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தலைப் பாறு ஒன்று முதலில் இறங்கி ஓரமாகக் கொத்தியது. வெண்முதுகுக் கூட்டம் வந்ததும் அது ஒதுங்கி நின்றுவிட்டது. கூட்டத்துக்குள் ஒரே அடிதடி, சீறல். கழுத்துவரை வயிற்றுக்குள் விட்டு எடுத்த தலை ரத்தத்தில் நனைந்திருந்தது. பத்தடி தள்ளி ஓர் இளங்கழுகு, இடம் கிடைக்காமல், தரையில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பறவைக்குக் கூண்டில் யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவற்றைப் பார்த்தே பழகிக்கொள்கிறது.

அதனால்தான், இருப்பதை முதலில் காப்பாற்றுவோம் என்கிறேன். தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246, அதே வருஷம் டிசம்பரில் 320. இரண்டு கணக்கெடுப்பையும் வைத்துப் பெருகிவிட்டது என்று சொல்லமாட்டேன், பார்த்த இடங்களும் பருவமும் வேறு. ஆனால் அழிந்துவிடவில்லை. பள்ளத்தாக்கைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மருந்துக்கடைகளைத் தொடர்ந்து சோதித்து, இறந்த காட்டு விலங்கை எரிக்காமல் புதைக்காமல் கிடக்கவிட்டால், இவை தாமாகவே பரவும். அப்போதும் போதாது என்றால் பிஞ்சோர்ப் பறவைகளைக் கேட்கலாம். அவற்றையும் இந்தக் கூட்டத்தின் பக்கத்தில்தான் விட வேண்டும், திருக்கழுக்குன்றத்தில் அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்திலும் மருந்துக்கடையிலும் போய், மாட்டுக்கு என்ன வலி ஊசி தருகிறீர்கள் என்று கேளுங்கள். தடைசெய்த மருந்தின் பெயர் காதில் விழுந்தால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கடையின் பெயரோடு எழுதிப்போடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.