பெயர் எழுதிய பானை

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று மதுரை அண்ணா நகரில் இருக்கிறேன். பல வருடமாக விடிகாலையில் எழுந்து தியானம் செய்கிறேன். ஆனாலும் உள்ளே ஒரு வறட்சி. தொண்டு செய்தால் மனம் கனியும் என்று நண்பர்கள் சொன்னார்கள். போன சித்திரையில், காலமான என் தாயார் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பானைகளைச் சுற்றிப் பெயிண்ட் அடித்து அம்மா பெயரை எழுதினோம். ஃப்ளெக்ஸ் வைத்து, முதல் நாள் மோர், பானகம், தர்பூசணி எல்லாம் கொடுத்தோம். 32,000 ரூபாய் ஆயிற்று. பத்து நாளுக்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. டம்ளர்கள் காணாமல் போயின. ஆட்டோக்காரர்கள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் குளிரவே இல்லை என்றும் குறை சொன்னார்கள். மனம் விட்டுப்போய், மாதக் கடைசியில் பந்தலைப் பிரித்துவிட்டோம்.

முதலில் தியானத்தில் பக்குவப்பட்டுவிட்டுத் தொண்டுக்கு வர வேண்டுமா, தொண்டு செய்துதான் பக்குவம் வருமா? தொண்டில் பெயர் போட்டுக்கொள்வது தவறா? பாத்திரமறிந்து கொடுக்க வேண்டாமா?

ரா., மதுரை

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

தியானமா தொண்டா என்ற கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. இரண்டையும் செய்யுங்கள். அதிகாலை ஒன்றுக்கு, பகல் இன்னொன்றுக்கு. என்னை நிறுத்தியது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரி: ‘பத்து நாளுக்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை.’ கோடை தொடங்கியதிலிருந்து நான் நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதும் இதைத்தான். பங்குனி, சித்திரையில் மதுரையில் தெருவுக்கு ஒரு பந்தல் முளைக்கிறது. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, வெள்ளரியும் தர்பூசணியும் கொடுத்து முடித்தால் மறுவாரம் பானையின் அடியில் தூசிதான் இருக்கிறது. அக்கினி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில், தாகம் உச்சத்துக்குப் போகும்போது, பாதிப் பந்தல்களில் ஓலை மட்டும் நிற்கிறது.

முதலில் தண்ணீர் ஏன் குளிரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா பெயர்தான் காரணம். வருத்தப்படாதீர்கள், கேளுங்கள். மண்பானை குளிர்விப்பது அதன் நுண்துளைகளால். உள்ளே இருக்கும் நீர் துளிகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து வெளிப்பக்கத்துக்கு வருகிறது, அங்கே ஆவியாகிறது, ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானையைச் சுற்றி எனாமல் பெயிண்ட் அடித்தால் அந்தத் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு அது மண்ணால் செய்த பிளாஸ்டிக் குடம். எழுத்து எவ்வளவு பெரிதோ தண்ணீர் அவ்வளவு சூடு. கட்சிக்காரர்கள் கொடியின் நிறத்தில் அடிக்கும் பானைகளுக்கும் இதே கதிதான்.

பெயர் போடுவது தவறா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போடுங்கள். பெற்ற தாயின் பெயரை நாலு பேர் படிக்க வேண்டும் என்று ஒரு மகன் ஆசைப்படுவதில் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு பலகையில் எழுதிப் பந்தல் காலில் மாட்டுங்கள். பானையை விட்டுவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகும் மாதக் கடைசிவரை அந்தப் பானைகள் அங்கேயே நின்றன அல்லவா? அடியில் ஒரு சாண் தண்ணீரோடுதான் நின்றிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்குத் தேங்கிய நல்ல தண்ணீரும் நிழலும் வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பானையின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, நாரால் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். கவனிப்பாரற்ற தண்ணீர்ப் பந்தல் வெறுமனே பயனற்றுப் போவதில்லை. அது அந்தத் தெருக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் கொண்டுவருகிறது. தர்மம் செய்யாதவனால் இந்தத் தீங்கு வராது. தொடங்கிவிட்டு விட்டவனால்தான் வரும்.

கணக்கு எழுதிப் பழகியவர் நீங்கள், ஆகவே கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு 300 பேர், ஆளுக்கு 200 மில்லி டம்ளரில் இரண்டு. 120 லிட்டர். அதாவது ஆறு கேன். கேன் 35 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 210 ரூபாய், 90 நாளுக்கு 18,900. அதே தெருவில் இருக்கும் ஒரு அம்மாவிடம் காலையில் பானை கழுவி நிரப்பவும், பகல் பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை வந்து பார்க்கவும் பேசி, நாளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 18,000. மொத்தம் 36,900. நீங்கள் ஒரே நாள் கூத்தில் பெரும்பகுதியைக் கரைத்த பணத்தோடு இன்னும் 4,900 போட்டிருந்தால் பங்குனி பாதியிலிருந்து ஆனி பாதிவரை தண்ணீர் நின்றிருக்கும். பணம் இருந்தது, ஆள் வைக்கத்தான் தோன்றவில்லை. பந்தலுக்கு முதல் செலவு அந்த அம்மாவின் சம்பளம். அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் கம்பு வாங்க வேண்டும்.

டம்ளர் காணாமல் போகத்தான் செய்யும். மாதம் ஆறு டம்ளர் என்று செலவில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். சங்கிலி தரையில் புரண்டு அந்த அழுக்கு டம்ளருக்கு வரும். அதைவிட முக்கியம், டம்ளரைப் பானைக்குள் விட்டு மொள்ள விடக்கூடாது. விரலும் சேர்ந்து உள்ளே போகிறது. குழாய் வைத்த பானையாக வாங்குங்கள். குழாய்க்குக் கீழே ஓரடிக்குமேல் இடம் விட்டு மேடை போடுங்கள், லிட்டர் பாட்டில் நிற்க வேண்டும். அண்ணாந்து குடிக்கக் கழுத்து வளையாத வயசாளிகளுக்குத் தனியாக இரண்டு டம்ளரும், கழுவ ஒரு வாளித் தண்ணீரும். கேன் வாங்காமல் மாநகராட்சித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து ஊற்றுவதானால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அரை மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். மோர் கொடுத்தால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு தடவை கடையுங்கள். காலை மோர் ஒரு மணிக்கெல்லாம் புளித்துவிடும். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியை உடைத்து அதில் போட்டுவிடாதீர்கள்.

ஆட்டோக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வரியைப் படித்தபோது உங்கள் மேல் உண்மையிலேயே கோபம் வந்தது. இருபது லிட்டர் பிடித்துக்கொண்டு போய் விற்றார்களா? ஒரு பாட்டில் பிடித்தார்கள். மதியம் இரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். சிறுநீர் கழிக்க இடமில்லையே என்று தண்ணீரைக் குறைத்துக் குடித்துக் கல்லடைப்பு வாங்கிக்கொள்பவர்கள் ஓட்டுநர்களில் எத்தனை பேர் என்று ஏதாவது ஒரு ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பாருங்கள். பாத்திரமறிந்து கொடுப்பதென்றால் அந்தப் பாட்டிலைவிட நல்ல பாத்திரம் ஏது? தண்ணீர் கேட்பவனிடம் தகுதி பார்க்கிற மனசு தியானத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்தும் அசையவில்லை என்றால், உங்கள் வறட்சி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டாமா?

இதே மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் இருந்தவன் ஆபுத்திரன். மணிமேகலையில் வருகிறான். கையில் இருந்தது ஒரு பிச்சை ஓடு. தினமும் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து பார்வையற்றவர், காது கேளாதவர், கால் முடமானவர், நோயாளிகள், ஆதரவற்றவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பான். அமுதசுரபி கிடைத்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது கையில் வருவதற்கு முன்பு வெறும் ஓட்டோடு அவன் தினமும் நடந்த நடையை யாரும் சொல்வதில்லை. அவனுக்குப் பௌர்ணமி, அமாவாசை கிடையாது, பசித்தவர் இருந்த நாளெல்லாம் நல்ல நாள். நம் ஆட்களோ அமாவாசைக்கும் பிறந்தநாளுக்கும் குவிக்கிறார்கள். ரத்ததானமும் அப்படித்தான் ஆகிவிட்டது. தலைவர் பிறந்தநாளில் வரிசை கட்டிக் கொடுக்கிறார்கள். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். ஆறாம் நாள் டெங்கு வார்டில் படுத்திருப்பவனுக்கு அந்த வரிசையால் என்ன பயன்? ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். நாற்பது பேர் ஒரே நாளில் போகாமல் வாரத்துக்கு மூன்று பேராகப் போகலாமே.

உங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் அதைப் பதினோரு படுக்கையோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களால் கண்ணறுவை செய்தவர், ஸ்ரீ அரவிந்தரின் அடியவர். உங்கள் முதல் கேள்விக்கு அவரைவிட நல்ல பதில் மதுரையில் இல்லை. கிராமத்துக் கண் முகாமில் ‘ஆபரேஷன் இலவசம்’ என்று சொல்வதோடு அவர்கள் விடுவதில்லை. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், சாப்பாடு போடுகிறார்கள், முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் இறக்குகிறார்கள், பிறகு மறுபரிசோதனைக்கும் வரச்சொல்கிறார்கள். கண் தெரியாத ஒரு பாட்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தனியாக எப்படி வருவாள் என்று யோசித்தவர்கள் செய்த ஏற்பாடு இது. உங்கள் பந்தலையும் அந்த மாதிரி குடிக்க வருபவர் பக்கம் நின்று யோசியுங்கள். வீட்டு வாசலில் எதற்கு? அங்கே நாலு கடை இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர்களுக்கு நாக்கு வறள்வது விடியற்காலையில்.

பதினோராம் நாள் உங்களுக்கு அலுப்புத் தட்டியது. இனியும் தட்டும். அன்றைக்குப் போய் ஒரு பானையையாவது நீங்களே கழுவுங்கள். பெயிண்ட் அடித்த பானைகளைத் தூக்கிப் போட வேண்டாம், அடியில் ஓட்டை போட்டுச் செடி வையுங்கள். புதிய பானைக்கு மானாமதுரைக்கு மாசியிலேயே போய்விடுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். நான்கு வாங்குங்கள். இரண்டு பந்தலில் இருக்கும்போது இரண்டு வெயிலில் காயட்டும். புதுப் பானையை முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு புழங்குங்கள். சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். கீழே ஈர மணல், சுற்றிலும் ஈரச் சாக்கு, மேலே நிழல், பக்கவாட்டில் காற்று. இதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் தெருவில் பானை கழுவ ஒப்புக்கொள்ளும் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.