ஆறு வாரம் என்கிறார்கள், எச்சிஜி 760: ஸ்கேனில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

எச்சிஜி (ரத்தத்தில் அளக்கும் கர்ப்ப ஹார்மோன்) 760-இல் இருக்கும்போது கருவின் பை ஸ்கேனில் தெரியாதது இயல்புதான். உள்வழி (பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்) ஸ்கேனில்கூட அது பெரும்பாலும் எச்சிஜி 1500–2000 தாண்டிய பிறகே கண்ணில் படும். உங்கள் எச்சிஜி 48 மணி நேரத்தில் 420-இலிருந்து 760 ஆனது ஏறக்குறைய 80 சதவீத ஏற்றம். இந்த அளவில் குறைந்தபட்சமாக எதிர்பார்ப்பது 49 சதவீதம்தான். இரட்டிப்பாகியே தீர வேண்டும் என்றில்லை.

நான் சந்தேகிப்பது அந்த "ஆறு வார"த்தை. அது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து, 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சிக்குப் போடும் கணக்கு. உங்களுக்கு 35 நாள் என்றால் கருமுட்டை 21ஆம் நாள் வாக்கில்தான் வெளிவந்திருக்கும். ஒரு வாரத்தைக் கழித்துப் பாருங்கள்.

48 மணி நேரம் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுங்கள் (லேப் மாறினால் எண்ணும் மாறும்). அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் ஸ்கேன்.

ஆனால் எண் ஏறுவதால் மட்டும் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஆகாது. அடிவயிற்றில் ஒருபக்க வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.