ரிசார்ட்டுக்குள் மைதானம்: இருக்கட்டுமா, இடித்துவிடலாமா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: உச்சிப்புளிக்கு வடக்கே வடகடல் (பாக் விரிகுடா) ஓரமாக எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தீம் பார்க்கும் 40 அறைகள் கொண்ட ரிசார்ட்டும் இருக்கின்றன. அதோடு சேர்ந்து 4 ஏக்கரில் விளையாட்டு வளாகம்: தகரக் கூரை உள்ளரங்கு, 60க்கு 40 மீட்டர் புல் மைதானம், வாலிபால் கோர்ட், கபடிக் களம். வருஷச் செலவு 9.4 லட்சம், கட்டணமாக வருவது 2.1 லட்சம். செலவில் 4.1 லட்சம் உள்ளரங்குக்கே போகிறது, அதன் வரவு 60 ஆயிரம்தான். எல்லாவற்றையும் இடித்துவிட்டுக் காட்டேஜ் கட்டலாம் என்கிறான் தம்பி. அமெரிக்காவில் டிஸ்னிக்காரனே விளையாட்டு வளாகம் வைத்திருக்கிறான், விடக்கூடாது என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? – வாசகர், உச்சிப்புளி

பதில்: மாமா சொன்ன உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் டிஸ்னி அதை எதற்காக வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் அந்த வளாகம் 1997இல் திறக்கப்பட்டது. 2010இலிருந்து ஈஎஸ்பிஎன் என்கிற விளையாட்டுத் தொலைக்காட்சியின் பெயரில் நடக்கிறது. பரப்பு சுமார் 220 ஏக்கர். அங்குள்ள 9,500 இருக்கை பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 1998 தொடங்கி 2019 வரை பயிற்சிக்காக வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதே புளோரிடாவில் நார்த் போர்ட் என்கிற ஊருக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய வாடகைதாரர் போன பிறகும் வளாகம் மூடப்படவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்து, கூடைப்பந்து, சியர்லீடிங் போட்டிகள்தான் அதைத் தாங்குகின்றன. ஒரு பிள்ளை ஆட வந்தால் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் கூட வருகிறார்கள். டிஸ்னி ஹோட்டலிலேயே தங்கி, ஆட்டம் இல்லாத நாளில் பார்க்குக்கும் டிக்கெட் எடுக்கிறார்கள். 2020இல் கொரோனா நேரத்தில் என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் 22 அணிகளை டிஸ்னி ஹோட்டல்களிலேயே தங்கவைத்து, ஜூலையிலிருந்து அக்டோபர் 11 வரை நடத்திப் போட்டியை முடிக்க முடிந்ததற்கும் இதுவே காரணம்: களமும் படுக்கையும் டிஸ்னியின் ஒரே எல்லைக்குள் இருந்தன.

ஆகவே உங்கள் மைதானத்தையும் கட்டணப் பெட்டியை வைத்து எடைபோடாதீர்கள். அது எத்தனை காலி அறையை நிரப்புகிறது என்று கணக்குப் போடுங்கள்.

பத்து அணிகள் வரும் இரண்டு இரவுக் கபடிப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அணிக்கு 12 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர் என்று 14 பேர். மொத்தம் 140. அறைக்கு நான்கு பேர் என்றால் 35 அறை, இரண்டு இரவுக்கு 70 அறை-இரவு. அறை வாடகை 1,800 ரூபாய், துவைப்பு, கரண்ட், ஆள்கூலி 600 போனால் மிச்சம் 1,200. அதுவே 84,000. சாப்பாட்டில் ஒரு வேளைக்கு 40 ரூபாய் நின்றாலும் ஆறு வேளைக்கு 33,600. ஆக ஒரு போட்டிக்கு 1,17,600 ரூபாய். இப்போது உங்கள் பள்ளம், அதாவது செலவில் வரவு போக விழும் துண்டு, 7.3 லட்சம். வருஷத்துக்கு ஏழு போட்டி நடந்தால் மூடிவிடும். உள்ளரங்கைக் கைவிட்டால் பள்ளம் 3.8 லட்சமாகக் குறையும், நான்கு போட்டி போதும். வாடகையும் செலவும் எங்கள் உத்தேசம். உங்கள் பில் புத்தகத்தைப் பார்த்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது ஓரிடத்தில்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மே விடுமுறை நாட்களில் ராமேசுவரம் போகிற கூட்டத்தால் உங்கள் அறைகள் எப்படியும் நிரம்பும். அந்த நாளில் போட்டி வைத்து, அந்த வருமானத்தை மைதானத்தின் பேரில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். அறை சும்மா கிடக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். ஆடி அமாவாசை வாரத்தைத் தள்ளிவிட்டால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை உங்களுக்குத் தோது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம் அது. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், உங்கள் வடகடல் பக்கம் தணிந்திருக்கும். காற்று தரையிலிருந்து வருவதால் மணல் பறக்கும். கபடிக்குப் பாதகமில்லை. வாலிபாலைக் காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையை நம்பித் தேதி கொடுக்காதீர்கள்.

உள்ளரங்கை விடச் சொல்வதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. பாட்மின்டன் போட்டி நடத்த வேண்டுமானால் களத்துக்கு மேல் குறைந்தது 9 மீட்டர் தடையில்லாத உயரம் வேண்டும். ரிசார்ட்டுகளில் போடும் சாதாரணத் தகர ஷெட்டில் அது கிடைப்பதில்லை. அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் எத்தனை லட்சம் கொட்டினாலும் அணிகள் வரமாட்டா. கூரையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் மணல் வாலிபால் களம் போடலாம். களம் 16க்கு 8 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 22க்கு 14. மணல் 40 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், ஏறக்குறைய 123 கன மீட்டர், நம்மூர்க் கணக்கில் 44 யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி). கடற்கரையில் அள்ளக்கூடாது, அது சட்டப்படி குற்றம். வாங்கிய மணலையும் சல்லடையில் சலிக்காமல் கொட்டாதீர்கள்; ஒரு சிப்பித் துண்டு போதும், பாய்ந்து விழுகிற பிள்ளையின் முழங்கால் கிழியும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மக்கள் நெருக்கம் குறைந்த ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் புதிய காட்டேஜுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்க வேண்டும். இடிப்பதற்கு முன் கோடு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இடித்த பிறகு கட்டவும் முடியாமல் ஆடவும் முடியாமல் வெறும் மனையாகக் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: விளக்குக் கம்பங்கள் எல்லாம் அடியில் துருப்பிடிக்கின்றன. வருஷம் தவறாமல் பெயின்ட் அடிக்கிறோம், நிற்கவில்லை. – வாசகர், தேவிபட்டினம்

பதில்: பழைய பெயின்ட் மேலேயே அடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. உப்பு அதற்கு அடியில் இருக்கிறது, துரு உள்ளேயே வளர்கிறது. முதலில் தரையிலிருந்து ஒரு முழம் வரை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாக வந்தால் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கம்பத்தை மாற்றத்தான் வேண்டும், பெயின்ட் காப்பாற்றாது. குழாய்க் கம்பத்தில் அடியில் வடிதுளை இல்லையென்றால் உள்ளே தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தே தின்னும்.

இரும்பு நன்றாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டரால் தேயுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் துத்தநாகம் மிகுந்த எபாக்ஸி பிரைமர் 60 மைக்ரான், அது காய்ந்ததும் எபாக்ஸி 100 மைக்ரான், மேலே பாலியூரித்தேன் 50 மைக்ரான். தேய்த்துவிட்டு மறுநாள் அடிக்கலாம் என்று விட்டால் ராத்திரிப் பனியிலேயே செம்மண் நிறம் பிடித்துவிடும். பிப்ரவரி, மார்ச் மாதத்தில் பனி உலர்ந்த பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. கம்பத்தின் அடியை மணல் மூடாதபடி கான்கிரீட் பீடத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடச் சரிவு கொடுங்கள். புதுக் கம்பம் வாங்குவதானால் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததா என்று கேளுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த இரும்பில் பூச்சு சராசரி 85 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. வெளியில் போடும் நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் வேண்டும். 304 இந்தக் காற்றுக்குத் தாங்காமல் பழுப்பேறும்.

கேள்வி: செயற்கைப் புல்லா, நிஜப் புல்லா? – வாசகர், தொண்டி

பதில்: இந்தக் கரைக்கு நிஜப் புல்தான். செயற்கைப் புல் நம் உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகளுக்கு ஆகாது. அதில் தூவும் ரப்பர்த் துகள் கச்சானில் பறந்து கடலுக்குப் போகும்.

அருகம்புல்லே போதும், ஓரளவு உப்பைத் தாங்கும். கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 2,000க்குள் இருந்தால் தாராளமாக வளரும். அதற்கும் மேலே என்றால் உப்பை இன்னும் தாங்கும் சீஷோர் பாஸ்பாலம் என்கிற புல்லை நடுங்கள். தண்ணீர்தான் சங்கடம். வெயில் காலத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் வேண்டும். முழு அளவுக் கால்பந்து மைதானம், அதாவது 105க்கு 68 மீட்டர் என்றால் 35,700 லிட்டர், 12,000 லிட்டர் லாரி மூன்று. 60க்கு 40 மீட்டர் மைதானத்துக்கோ 12,000 லிட்டர் போதும். 40 அறையில் 80 பேர் தங்கி, ஆளுக்கு 150 லிட்டர் செலவழித்தால் வெளியேறும் கழிவுநீரும் ஏறக்குறைய அதே அளவுதான். சுத்திகரித்து அதையே புல்லுக்கு விடலாம். மேலே உச்சிப்புளி வாசகருக்கும் இது பொருந்தும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட இரண்டு நாளுக்கு ஒருமுறை நன்றாக நனையவிடுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மேலாகத் தெளித்தால் புல்நுனி கருகி, மண்மேல் வெள்ளை படியும்.

கேள்வி: ராத்திரி ஆட்டத்துக்கு விளக்குப் போட்டால் ஆமைக்குக் கெடுதலா? – வாசகர், மண்டபம்

பதில்: ஆமாம். பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து மார்ச் வரை கரையேறி முட்டையிடும். குஞ்சு பொரித்து வரும்போது கடல் பக்கத்து வெளிச்சத்தை நோக்கித்தான் போகும்; மைதானத்து விளக்கு பளீரென்று எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கடலைப் பார்த்த விளக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டு வெளிச்சத்தைக் களத்துக்குள்ளேயே விழவிடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை ராத்திரி ஆட்டமே வேண்டாம், மாலை ஆறரைக்கு முடித்துவிடுங்கள்.