அன்றாட வாழ்க்கைக்குப் பொருளாதாரம் சொல்லும் புத்தகங்களால் நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு. எங்களுக்கு வீடு விற்றபோது கைகொடுத்தது. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், "அதெல்லாம் ஏர்போர்ட்டில் வாங்கிப் புரட்டுகிற புத்தகம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. என்னிடமும் சொன்னார்கள்.

2005-இல் வந்த 'ஃப்ரீகனாமிக்ஸ்' புத்தகத்தில் சிகாகோ வட்டார வீட்டு ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு. சொந்த வீட்டை விற்கும்போது அவர்கள் சராசரியாகப் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3 சதவீதத்துக்கும் மேல் அதிக விலை வாங்குகிறார்கள். ஊரார் வீடு என்றால் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார்கள். ஏனென்றால் விலை 10,000 டாலர் ஏறினாலும் ஏஜென்ட் கைக்கு வருவது 150 டாலர்தான்.

அப்பா காலமான பிறகு திருச்சி வீட்டை விற்க வேண்டி வந்தது. நாங்கள் சொன்னது 45 லட்சம். புரோக்கர் கூட்டிவந்த பார்ட்டி 42-இலேயே நின்றார். "இதுக்கு மேல போகாது சார், ஆடி பொறந்துட்டா ஒருத்தனும் பத்திரம் போட வரமாட்டான்" என்றார் புரோக்கர். அம்மாவும், "வர்ற லட்சுமிய வேண்டாங்காதப்பா" என்றார்.

அம்மாவை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கமிஷன் 2 சதவீதம். 42-க்கு முடித்தால் அவருக்கு 84,000. 45-க்கு முடித்தால் 90,000. நமக்கு மூன்று லட்சம் வித்தியாசம், அவருக்கு ஆறாயிரம். அதற்காக வெயிலில் ஆள் கூட்டிவந்து கதவைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அவரையே கூப்பிட்டு, "43-க்கு மேல் வருகிற ஒவ்வொரு லட்சத்துக்கும் கமிஷன் போகப் பத்தாயிரம் தனி" என்றேன். ஆவணியில் 44.5-க்கு அட்வான்ஸ் வாங்கினோம். அவருக்குச் சேர வேண்டியதை மனநிறைவோடு கொடுத்தோம்.

புரோக்கர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, தன் கணக்கைப் பார்த்தார். ஆடி கழிந்ததால் விலை தானாகவே ஏறியிருக்கலாம் என்பீர்கள், இருக்கலாம், மறுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் எல்லாமே சரி என்றும் சொல்லமாட்டேன். கருக்கலைப்பு சட்டப்பூர்வமானதால் அமெரிக்காவில் குற்றம் குறைந்தது என்ற வாதத்துக்கு அடிப்படையான ஆய்வின் ஒரு கணக்கில் பிழை இருப்பதை, அதே 2005-இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் பொருளாதார நிபுணர்கள் இருவர் காட்டினார்கள். புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவரான லெவிட் பிழையை ஒப்புக்கொண்டார், முடிவை விடவில்லை.

எனக்கு உண்மையான ஆத்திரம் வேறு இடத்தில். அக்கா மகள் பத்தாவதில் நல்ல மார்க். பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்டாள். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு காமர்ஸ் குரூப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டே அவளை பயாலஜியில் தள்ளிவிட்டார்கள். மார்க் குறைந்தவர்களுக்கான படிப்பு என்று முத்திரை குத்திவிட்டு, பிறகு சீட்டுக் கம்பெனியில் பணத்தைப் போட்டுவிட்டு அழுகிறோம்.

நீங்கள் தொடங்குவதானால் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எழுதிய 'புவர் எகனாமிக்ஸ்' (2011) படியுங்கள். உதய்ப்பூர் கிராமங்களில் தடுப்பூசிக்கு ஒரு கிலோ பருப்பு கொடுத்த கதை அதில் இருக்கிறது. முகாம் மட்டும் நடந்த ஊர்களைவிட, பருப்பும் கொடுத்த ஊர்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் இரண்டு மடங்குக்கும் மேல்.