மேலாளர் தனியே அழைத்தால் பயப்பட வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மேலாளர் வாராவாரம் அரை மணி நேரம் அவளைத் தனியே அழைத்துப் பேசுகிறார், வேலைக்கு ஆபத்தோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கும் மேலாளர் எல்லோருக்கும் அமைவதில்லை.

தனியே கூப்பிட்டாலே ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிவிட்டோம். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்ற படபடப்பு வேலைக்குப் போன பிறகும் விடுவதில்லை. வாராவாரம் நடப்பதால்தான் இந்தச் சந்திப்பில் அந்தப் பயம் கரைகிறது. என்றோ ஒருநாள் திடீரென அழைத்தால் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கணினிச் சில்லுகள் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவ், 1983-இல் எழுதிய மேலாண்மை நூலில் இத்தகைய சந்திப்புகளை விரிவாகப் பேசினார். அவர் வலியுறுத்திய ஒன்றை மகளிடம் அவசியம் சொல்லுங்கள்: இந்தச் சந்திப்பு ஊழியருக்கு உரியது, எதைப் பேசுவது என்று அவர்தான் யோசித்து வர வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று வெறுங்கையோடு போய் உட்காருகிறார்கள். முடித்த வேலைகளை ஒப்பிப்பதிலேயே அரை மணி நேரமும் போய்விடுகிறது. அதை மின்னஞ்சலில் நான்கு வரியில் அனுப்பிவிடலாமே!

நேரில் பேச வேண்டியது வேறு. இன்னொரு துறையிலிருந்து வர வேண்டிய தகவல் ஒரு வாரமாக வரவில்லை, மறுபடி கேட்கத் தயக்கம் என்றால் அதைச் சொல்லட்டும். மேலாளர் ஒருமுறை தொலைபேசியில் பேசினாலே அது நகர்ந்துவிடக்கூடும். கொடுத்த அறிக்கை எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால், ‘நன்றாக இருந்தது’ என்றுதான் பதில் வரும். ‘நீங்கள் எழுதியிருந்தால் எந்தப் பகுதியை மாற்றியிருப்பீர்கள்?’ என்று கேட்கட்டும். வேலைப்பளு தாங்கவில்லை என்பதையும் மூச்சு முட்டும்வரை மறைக்காமல் அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். ராஜினாமா கடிதத்தில்தான் முதல்முறையாக அதை எழுதுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அடோபி என்ற மென்பொருள் நிறுவனம் 2012-இல், ஊழியர்களின் வேலையை ஆண்டுக்கொரு முறை மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிட்டு, மேலாளரும் ஊழியரும் ஆண்டு முழுவதும் அவ்வப்போது பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. மார்ச்சில் செய்த பிழையை டிசம்பரில் சுட்டிக்காட்டினால், இடையில் அதே பிழையோடு எத்தனை வேலைகள் முடிந்திருக்கும்!

மேலாளர் இரண்டு முறை தொடர்ந்து தள்ளிப்போட்டால், ‘இந்த வாரம் பதினைந்து நிமிடம் கிடைக்குமா?’ என்று அவளே கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பேசி முடிவான இரண்டு மூன்று விஷயங்களைத் தேதியோடு குறித்து வைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சந்திப்பு முடிந்து வரும் மாலையில் ‘ஏதாவது திட்டினாரா?’ என்று கேட்காதீர்கள். உங்கள் பயம் அவளையும் தொற்றிக்கொள்ளும். ‘இன்று நீ என்ன கேட்டாய்?’ என்று கேட்டுப் பாருங்கள்.