முன்பணத்துக்கு முன் ஒரு மழைக்காலம்

கேள்வி: நாங்கள் 18 ஆண்டுகளாகக் குளிர் நாடொன்றில் இருக்கிறோம். எனக்கு வயது 44, கணவருக்கு 47, மகளுக்கு 11. இரண்டு முறை ஜனவரி விடுமுறையில் ஒரு வெப்பமண்டல நாட்டுக்குப் போய்வந்தோம். இனி வாழ்க்கை அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார் கணவர். கடலிலிருந்து 80 மீட்டரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நிலம் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் இருக்கும், வீடு எங்களுக்கு என்கிறார் தரகர். இந்த மாதத்துக்குள் பத்து சதவீதம் முன்பணம் கேட்கிறார். கணவர் இப்போதைய வேலையையே கணினி வழியாகத் தொடரலாம் என்கிறார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போடுகிறேன். இங்கிருக்கும் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பலாமா?

பதில்: அன்புச் சகோதரி, முன்பணம் கட்டாதீர்கள். இருக்கும் வீட்டையும் விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். போகவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் ஒரு மழைக்காலத்தைப் பாருங்கள், பிறகு ஓராண்டு வாடகை வீட்டில் இருங்கள், அதற்குப் பிறகும் மனம் அங்கேயே நின்றால் வீடு வாங்குங்கள். தரகர் சொல்வது இதற்கு நேர் தலைகீழ் வரிசை.

நீங்கள் பார்த்தது ஜனவரியை மட்டும்தான். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் அது ஆண்டின் மிக இதமான, மழையற்ற மாதம். சூரியன் உச்சியில் நிற்கும் இடம் வடக்கும் தெற்குமாக நகர, மழைப்பட்டையும் அதன் பின்னாலேயே நகர்கிறது. ரேகையை ஒட்டிய ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு மழை உச்சம் வரும், சற்றுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு ஒரு நீண்ட மழைக்காலம், ஒரு நீண்ட மழையற்ற காலம். ஒரே நாட்டின் இரண்டு கரைகளில்கூட மழைமாதம் மாறும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை, கிழக்கே சாமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை. ஆகவே நாட்டின் சராசரியை விட்டுவிட்டு, அந்த ஊரின் மாதவாரி மழையளவைத் தேடி எடுங்கள். மழை உச்சத்தில் இருக்கும் மாதத்தில் மூன்று வாரமாவது அங்கே தங்குங்கள், அதுவும் விடுதியில் வேண்டாம், சமையலறை உள்ள சாதாரண வாடகை வீட்டில்.

அந்த மூன்று வாரத்தில் உங்கள் வேலை வீடுகளைச் சோதிப்பது. வெளிச்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளம் வந்து வடிந்த வீட்டில் தரைக்கு இணையாக ஒரு பழுப்புக்கோடு ஓடும். கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் பதில்தான். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், மண்வாடை வந்தால் உள்ளே பூஞ்சணம் குடியேறியிருக்கிறது. சுவரும் தரையும் சேரும் மூலையில் பென்சில் பருமனுக்கு மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், அது கரையான் போகும் வழி. ஒரு சிறு துண்டை உடைத்துவிட்டு நான்கைந்து நாள் கழித்து வந்து பாருங்கள். மீண்டும் கட்டப்பட்டிருந்தால் உள்ளே புற்று உயிரோடு இருக்கிறது. கட்டப்படாவிட்டாலும் கரையான் இல்லை என்று அர்த்தமில்லை, வேறு வழி பிடித்திருக்கலாம். கதவு நிலையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் மரம் உள்ளே இல்லை. கனமழை பெய்த மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகும் பாதை திறந்திருக்கிறதா, கழிவறைத் தண்ணீர் தடையின்றி இறங்குகிறதா, மின்சாரம் எத்தனை மணி நேரம் போனது என்று எழுதிவையுங்கள். கணவர் இணையத்தை நம்பி வேலை செய்யப்போகிறவர், அவருக்கு இந்தக் கடைசிக் கணக்குத்தான் சம்பளமே.

80 மீட்டரில் கடல் என்பது பார்க்க அழகு, இரும்புக்கு எமன். உப்புக்காற்று கூரைத்தகட்டின் திருகாணியில் தொடங்கி ஏசியின் வெளிப்பெட்டி வரை அரிக்கும். சாதாரண 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் அங்கே பழுப்புப் பூக்கும், கடலோரத்துக்கு 316 ரகம்தான் தாங்கும்.

இனி நிலம். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தரகர் சொன்ன ஏற்பாட்டுக்கு நம் பேச்சிலேயே பெயர் இருக்கிறது, பினாமி. வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாத நாடுகளில்தான் இப்படிப் பேசுவார்கள். ஃபிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பின்படி வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடித் திட்டத்தில் 40 சதவீதத்துக்குள் வாங்கலாம். தாய்லாந்திலும் பொதுவாக நிலம் கிடையாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவருக்குப் போகலாம், நிலமென்றால் 30 ஆண்டுவரை குத்தகை, அதையும் நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தோனேசியாவில் முழு உரிமை குடிமக்களுக்கு மட்டும். கோஸ்டாரிகாவில் வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம், ஆனால் கடற்கரையில் 200 மீட்டர் தனிக் கணக்கு. முதல் 50 மீட்டர் பொதுச்சொத்து, அடுத்த 150 மீட்டர் பெரும்பாலும் நகராட்சி அனுமதியோடு கிடைக்கும் குத்தகை, அதைப் பெற வெளிநாட்டவர் ஐந்தாண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது அந்த நாடென்றால் உங்கள் 80 மீட்டர் அந்தப் பட்டைக்குள்தான் விழும்.

பினாமி வைத்து வாங்குவது தாய்லாந்திலும் ஃபிலிப்பைன்ஸிலும் குற்றம். அந்த உள்ளூர்க்காரர் நாளை நிலத்தை அடமானம் வைத்தாலும், இறந்துபோய் வாரிசுகள் வந்து நின்றாலும், உங்களால் வழக்குப் போட முடியாது. போட்டால் சட்டத்தை மீறினோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தரகர் அறிமுகப்படுத்தும் வக்கீலை வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் வக்கீலை நீங்களே தேடுங்கள். பதிவேட்டில் உரிமையாளர் பெயர், வில்லங்கம், நில எல்லை, போகும் பாதைக்கான உரிமை, கட்டட அனுமதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இந்த மாதமே கட்ட வேண்டும் என்ற அவசரம் விற்பவருக்குத்தான். அந்த வீடு போனால் போகட்டும்.

கணவரின் வேலைக்கு வருவோம். சுற்றுலா விசாவில் உட்கார்ந்து வேலை செய்வது பெரும்பாலான நாடுகளில் அனுமதிக்குள் வராது. எல்லை தாண்டி ஒருநாள் போய்வந்து நாட்களைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் விருப்பம், பள்ளிக்குப் போகும் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம். தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே தனி விசா பல நாடுகளில் வந்துவிட்டது, கோஸ்டாரிகா 2021இல் அதற்குச் சட்டமே இயற்றியது. வருமானச் சான்றும் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அதற்கும் முன்னால் கணவரின் நிறுவனம் எந்த நாட்டிலிருந்து, எத்தனை மாதம் வேலை செய்யலாம் என்று எழுத்தில் தர வேண்டும். வேலை செய்பவர் இன்னொரு நாட்டில் இருந்தால் நிறுவனத்துக்கே அங்கே வரிப்பொறுப்பு வரக்கூடும், அதனால் வாய்மொழிச் சம்மதம் பின்னால் நிற்காது. ஆண்டில் 183 நாள் தங்கினால் வரிக்குடியாளர், அதாவது வரி விஷயத்தில் அந்த நாட்டில் வசிப்பவர், என்பது பல நாடுகளின் பொது அளவு. ஆனால் பழைய நாட்டில் வீடும் வருமானமும் இருந்தால் அங்கும் வரி தொடரலாம். இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டா என்று கிளம்பும் முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆவணங்களில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு 1961 ஹேக் உடன்படிக்கைப்படி அப்போஸ்டில் முத்திரை வேண்டும், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் முத்திரை அது. சான்றிதழ் கொடுத்த நாடுதான் அதைப் போட முடியும், நீங்கள் இப்போது வசிக்கும் நாடு அல்ல. உடன்படிக்கையில் சேராத நாடென்றால் தூதரகச் சான்றுறுதி. முத்திரை விழுந்த பிறகுதான் மொழிபெயர்ப்பு, ஏனென்றால் முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். பல நாடுகள் போலீஸ் நற்சான்றை மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாகக் கேட்கும், ஆகவே அதைக் கடைசியில் எடுங்கள். மூவர் பெயரும் எல்லாத் தாள்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். ஒன்றில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள், அங்கே போய்த் திருத்துவது கடினம்.

உங்கள் உடல்நலத்தைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள். திட்டத்தில் அது முதலில் வர வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும், உங்கள் வகைக்கு எவ்வளவு என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது. மழைக்கால மின்வெட்டில் மூடிய அறை 30ஐத் தாண்டும். தண்ணீரில் நனைத்துக் குளிரவைக்கும் பைகளை நம்பிவிடாதீர்கள். அவை ஆவியாதலால் குளிர்பவை, ஈரக்காற்றில் சரியாக வேலை செய்யாது. சிறு மருந்து ஃபிரிட்ஜும் அதை ஓட்டும் பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கறையில் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் ஈரத்தில் கெடும், எடுத்தவுடன் டப்பாவை மூடுங்கள். வெப்பத்தில் இன்சுலின் வேகமாக உடலில் சேர்வதால் முதல் சில வாரங்களில் சர்க்கரை திடீரென இறங்கலாம். அடிக்கடி பாருங்கள், அளவை மாற்றுவது பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவையுங்கள். உடல் வெப்பத்துக்குப் பழக சுமார் இரண்டு வாரம் ஆகும், அதுவரை மதிய வெயிலில் வேலை வேண்டாம்.

டெங்கு பற்றி மூவருமே தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் அந்திக்கு முன்பும் அதிகம். அதனால் கொசுவலை மட்டும் காப்பாற்றாது. தொட்டிச் செடியின் அடித்தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரே அதற்குப் போதும், ஒன்றரை வாரத்துக்குள் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் தீராது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்க்கோட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரிக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று நினைப்பதுதான் ஆபத்து, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, சூடு தணியும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், வாடகை வீடு தேடும்போதே நல்ல மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அந்த நாட்டுக்குத் தேவையா என்றும் பாருங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், ஆயுளுக்கும் ஒன்று போதும். காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

மூட்டை முடிச்சில் குறைவே நல்லது. மரத்தூள் பலகை சாமான்கள் ஈரத்தில் உப்பும், தோல் பொருட்களில் பூஞ்சணம் பிடிக்கும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. 230 வோல்ட் கெட்டிலை 120 வோல்ட்டில் போட்டால் கால்பங்கு சூடுதான் வரும், 120 வோல்ட் சாமானை 230இல் போட்டால் எரியும். வாடகை வீட்டு ஏசியும் பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், காற்றின் ஈரம் அப்படியே இருக்கும். 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு 9,000 பிடியு (ஏசியின் குளிர்விக்கும் திறனுக்கான அளவு) போதும். ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள், 60 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சணம் வரும்.

பணம்: ஓராண்டுச் செலவும், மூவரும் திரும்பிவரும் பயணச்சீட்டும் தனிக்கணக்கில் இருக்கட்டும், அதைத் தொடக்கூடாது. பழைய நாட்டின் கைபேசி எண்ணை வெட்டிவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், எண் போனால் சொந்தப் பணத்துக்கே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

மகளைப் பற்றி நீங்கள் வயதைத் தவிர எதுவும் எழுதவில்லை. கோஸ்டாரிகாவில் பள்ளி பிப்ரவரியில் தொடங்கும், தாய்லாந்து அரசுப் பள்ளிகளில் மே மாதம். அந்த நாட்டின் தேதியைப் பார்த்துப் பயணத்தை வையுங்கள், ஆண்டின் நடுவில் புது மொழிப் பள்ளியில் சேர்ப்பது பிள்ளைக்குக் கொடுமை. மழைக்கால மூன்று வாரத்துக்கு அவளையும் கூட்டிப்போய், பள்ளி நடக்கும் நாளொன்றில் வகுப்பில் உட்காரவைக்க அனுமதி கேளுங்கள். அன்று மாலை அவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கணவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.